எல்லை, பட்டை, ரசீது: போலீஸ் ஸ்டேஷனுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

எங்கள் தெருவில் யாருக்காவது பைக் திருடுபோனால், பத்திரம் தொலைந்தால், பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டு சுவரை நகர்த்தினால், முதலில் என் வீட்டுக் காலிங்பெல்தான் அடிக்கும். நான் வக்கீல் இல்லை, போலீஸும் இல்லை. கையெழுத்து கொஞ்சம் நன்றாக இருக்கும், அவ்வளவுதான். மனு எழுதிக் கொடுக்கப் போய், அப்படியே ஸ்டேஷன் வரை துணைக்குப் போய்ப் பழகிவிட்டது. இருபது வருடத்தில் நான் பார்த்தது ஒன்று: ஸ்டேஷன் வாசலில் நிற்கும்போது வரும் பயத்தில் பாதி, உள்ளே இருப்பவர்களில் யார் யார், எது யார் வேலை என்று தெரியாததால் வருவது. அது தெரிந்துவிட்டால் குரல் நடுங்காமல் பேச வரும்.

தமிழ்நாட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கும், இங்கேயே பிறந்து இன்னும் ஸ்டேஷன் படி ஏறாத புண்ணியவான்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதல் படி: இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மனு கொடுக்க வந்தவருக்கு வரலாறு எதற்கு என்று கேட்கலாம். இன்றைய ஸ்டேஷனின் பல பழக்கங்களுக்கு விடை அங்கேதான் கிடக்கிறது.

கம்பெனி ஆட்சிக்கு முன் ஊருக்கு ஊர் காவல்காரர் இருந்தார்கள். அவர்களுக்கு மேலே பாளையக்காரர்கள் தேசகாவல் என்று வரி வாங்கினார்கள். ஊரில் களவு போனால் காவல்காரர் பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் ஈடுகட்ட வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. (இந்த ஒரு விதியை மட்டும் யாராவது திரும்பக் கொண்டுவந்தால் என் வேலை பாதி குறையும்.) பாளையக்காரர்களை ஒடுக்கிய கையோடு கம்பெனி அந்தக் காவலையும் ஒழித்தது. 1816-இல் மாவட்டக் கலெக்டரே மாஜிஸ்திரேட் ஆனார், அவருக்குக் கீழே தாசில்தாரும் கிராமத் தலைவரும் போலீஸ் வேலையையும் சேர்த்துப் பார்த்தார்கள். வரி வசூலிக்கிறவர் கையிலேயே தடியும் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வரி கட்டாதவன் விரல்களை இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிக்கும் கிட்டி என்ற கருவி அன்று ஊரறிந்த விஷயம். சென்னை மாகாணத்தில் இப்படி நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையம் 1855-இல் அறிக்கை கொடுத்தது. வரி வசூலையும் காவலையும் பிரிக்காமல் இது தீராது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வலுத்தது.

அப்படிப் பிறந்ததுதான் 1859-ஆம் ஆண்டின் 24-ஆவது சட்டம், மதராஸ் மாவட்டக் காவல் சட்டம். நாடு முழுமைக்குமான காவல் சட்டம் 1861-இல்தான் வந்தது. மதராஸ் இரண்டு வருடம் முந்திக்கொண்டது. வில்லியம் ராபின்சன் என்பவர் முதல் தலைவர். அயர்லாந்தில் பிரிட்டிஷார் வைத்திருந்த சீருடைப் படை மாதிரியில், மேலிருந்து கீழே கட்டளை இறங்கும் அமைப்பாக இதைக் கட்டினார்கள். ஸ்டேஷனில் எதைக் கேட்டாலும் "ஐயா வரட்டும்" என்று பதில் வருகிறதே, அதற்கு வயது நூற்று அறுபதுக்கு மேல்.

சென்னை நகரத்துக்கு மட்டும் 1888-இல் தனியாக ஒரு நகரக் காவல் சட்டம் போட்டார்கள். நகரம் என்றால் கமிஷனர், மாவட்டம் என்றால் எஸ்.பி. என்ற இரட்டை அமைப்பு அதிலிருந்து நிலைத்தது. இரண்டு சட்டங்களும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. துப்புத்துலக்கும் சி.ஐ.டி. பிரிவு 1906-இல் வந்தது. மெரினா கடற்கரைச் சாலையில் வெள்ளை வெளேரென்று நிற்கும் டி.ஜி.பி. அலுவலகம் 1839-இல் ஃப்ரீமேசன் சங்கத்தார் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது, போலீஸ் அதைப் பிறகுதான் வாங்கியது. 1990-களில் இடிக்கப்பட இருந்து, வழக்குப் போட்டதால் தப்பியது. எழும்பூரில் இருந்த பழைய கமிஷனர் அலுவலகம் 2021 முதல் காவல் அருங்காட்சியகம். குழந்தைகளைக் கூட்டிப் போகலாம், புகார் எதுவும் இல்லாமல் காக்கிச்சட்டையைப் பக்கத்தில் பார்க்க அது நல்ல இடம்.

இரண்டாம் படி: எல்லையைக் கண்டுபிடியுங்கள்

இதைத்தான் நான் முதலில் கேட்பேன்: "எங்கே நடந்தது?" என்ன நடந்தது என்பது அப்புறம்.

தமிழ்நாட்டில் இப்போது ஒன்பது மாநகரக் காவல் ஆணையரகங்கள் இருக்கின்றன: சென்னை, தாம்பரம், ஆவடி, கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருநெல்வேலி, திருப்பூர். தாம்பரமும் ஆவடியும் 2022 தொடக்கத்தில் சென்னையிலிருந்தும் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் பிரித்தவை. இவற்றுக்கு வெளியே இருக்கும் ஊர்கள் மாவட்ட எஸ்.பி.க்குக் கீழே வரும். பல ஸ்டேஷன்கள் சேர்ந்து ஒரு சப்-டிவிஷன், அதற்கு டி.எஸ்.பி. பல சப்-டிவிஷன்கள் சேர்ந்து மாவட்டம். சில மாவட்டங்கள் சேர்ந்து ஒரு சரகம், அதற்கு டி.ஐ.ஜி. சரகங்கள் சேர்ந்து மண்டலம், அதற்கு ஐ.ஜி. வடக்கு, மத்திய, மேற்கு, தெற்கு என்று மண்டலம் நான்கு.

மதுரைக்காரர் என்று சொல்லிக்கொள்வீர்கள், ஆனால் உங்கள் வீடு மாநகர எல்லையைத் தாண்டி நூறு அடியில் இருந்தால் உங்களுக்கு மேலதிகாரி கமிஷனர் இல்லை, எஸ்.பி.தான். மேல்முறையீட்டு மனுவைத் தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு ஒரு மாதம் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

சென்னையில் ஸ்டேஷன் பெயருக்கு முன்னால் எழுத்தும் எண்ணும் இருக்கும். ஈ-1 மயிலாப்பூர், ஜே-2 அடையாறு, கே-4 அண்ணா நகர் என்று. ஒரே எழுத்து என்றால் பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஸ்டேஷன்கள். இன்னொன்று, மாநகரங்களில் ஒரே கட்டடத்துக்குள் சட்டம் ஒழுங்குக்கு ஓர் ஆய்வாளர், குற்றப்பிரிவுக்கு ஓர் ஆய்வாளர், போக்குவரத்துக்கு வேறோர் ஆய்வாளர் என்று இருப்பார்கள். திருட்டு, வழிப்பறி என்றால் குற்றப்பிரிவு. அடிதடி, மிரட்டல் என்றால் சட்டம் ஒழுங்கு. மாடியா கீழ்த்தளமா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் எதிர்வீட்டுத் தம்பியின் பைக் ஒரு டிபன் கடை வாசலில் திருடுபோனது. பக்கத்து ஸ்டேஷனுக்குப் போனோம். எழுதிக்கொண்டிருந்தவர் தலைநிமிராமல் கேட்டார்.

"கடை ரோட்டுக்கு எந்தப் பக்கம் தம்பி?"

"மேற்குப் பக்கம் சார்."

"அப்ப நம்ம லிமிட் இல்லை. நடுவுல டிவைடர் இருக்குல்ல, அதுக்கு அந்தாண்டை வேற ஸ்டேஷன்."

அந்த ஸ்டேஷனுக்குப் போனோம். "வண்டியைக் கடைசியா எங்க பார்த்தீங்க? கிழக்குப் பக்கம் தள்ளிட்டுப் போனான்னு சொல்றீங்களே, அப்ப அங்கதானே கொடுக்கணும்?" என்றார்கள். அன்று ராத்திரி பதினொரு மணி வரை அந்த டிவைடரை நாங்கள் நான்கு முறை கடந்தோம்.

இன்றைக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலை வாங்கிப் பதிய வேண்டும் என்கிறது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று சொல்வது இதைத்தான்: பூஜ்யம் எண் போட்டுப் பதிந்து, உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவார்கள். ஆனாலும் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன், சரியான ஸ்டேஷனிலேயே கொடுத்தால் வேலை சீக்கிரம் நடக்கும். சட்டத்தைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், எடுத்தவுடனே நீட்ட வேண்டாம்.

மூன்றாம் படி: தோள்பட்டையைப் படியுங்கள்

யாரிடம் பேசுகிறோம் என்று தெரிய, முகத்தைப் பார்க்கும் முன் தோளையும் கையையும் பாருங்கள். கையில் பட்டை எதுவும் இல்லை என்றால் இரண்டாம் நிலைக் காவலர். இரண்டு பட்டை முதல்நிலைக் காவலர். மூன்று பட்டை தலைமைக் காவலர், ஊர் வழக்கில் ஏட்டு, ஏட்டய்யா. தோளில் ஒற்றை நட்சத்திரம் இருந்தால் சிறப்பு உதவி ஆய்வாளர், அதாவது எஸ்.எஸ்.ஐ. காவலராகச் சேர்ந்து கால் நூற்றாண்டு அளவில் வேலை பார்த்து இந்த இடத்துக்கு வந்தவர். ஊர், தெரு, ஆள் எல்லாம் அவருக்குத் தெரியும். என்னைக் கேட்டால், ஸ்டேஷனில் காரியம் நடக்க முதலில் பேச வேண்டியவர் இவர்தான்.

இரண்டு நட்சத்திரம் உதவி ஆய்வாளர், எஸ்.ஐ. சில பலகைகளில் சார்பு ஆய்வாளர் என்று இருக்கும், இரண்டும் ஒன்றே. மூன்று நட்சத்திரம் ஆய்வாளர். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. எஸ்.ஐ., ஆய்வாளர் தோளில் நட்சத்திரத்தோடு சிவப்பும் நீலமும் கலந்த சின்ன நாடா ஒன்று இருக்கும். அதே மூன்று நட்சத்திரம் நாடா இல்லாமல் இருந்தால் அவர் டி.எஸ்.பி., நகரம் என்றால் உதவி ஆணையர். நாடாவைக் கவனிக்காமல் டி.எஸ்.பி.யை "இன்ஸ்பெக்டர் சார்" என்று கூப்பிட்டு நான் ஒருமுறை வாங்கிய பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

அசோகச் சின்னம் வந்துவிட்டால் மாவட்ட அளவு அதிகாரி. சின்னம் மட்டும் இருந்தால் கூடுதல் எஸ்.பி. சின்னமும் ஒன்றோ இரண்டோ நட்சத்திரமும் எஸ்.பி. சின்னமும் மூன்று நட்சத்திரமும் டி.ஐ.ஜி. குறுக்கே வாளும் கோலும் தெரிந்தால் ஐ.ஜி.யும் அதற்கு மேலும். அவர்களை நீங்கள் நேரில் பார்ப்பது பெரும்பாலும் திருவிழா பந்தோபஸ்தில்தான்.

தமிழ்ப் பெயர்களில் ஒரு குழப்பம் இருக்கிறது, மனு எழுதும்போது கவனம். மாவட்டத்தில் 'துணைக் கண்காணிப்பாளர்' என்பவர் டி.எஸ்.பி. நகரத்தில் 'துணை ஆணையர்' என்பவர் எஸ்.பி. தகுதி உள்ளவர். டி.ஐ.ஜி.யைக் 'காவல்துறைத் துணைத் தலைவர்' என்பார்கள். மூன்றிலும் 'துணை' இருக்கிறது, ஆனால் மூன்றும் மூன்று உயரம்.

நான்காம் படி: உள்ளே போனதும்

வாசலில் துப்பாக்கியோடு நிற்பவர் பாரா. அவரிடம் கதை சொல்ல வேண்டாம், "புகார் கொடுக்க வந்திருக்கிறோம்" என்று சொன்னால் போதும். பல ஸ்டேஷன்களில் இப்போது வரவேற்பாளர் மேசை உண்டு, பெரும்பாலும் ஒரு பெண் காவலர் இருப்பார். பெயர், போன் நம்பர், என்ன விஷயம் என்று எழுதிக்கொள்வார்.

உள்ளே ஒரு பெரிய மேசை, அடுக்கடுக்காகப் பதிவேடுகள், கம்ப்யூட்டர். அங்கே உட்கார்ந்திருப்பவர் ரைட்டர். பதவியில் ஏட்டாகத்தான் இருப்பார், ஆனால் ஸ்டேஷனின் நினைவு மொத்தமும் அவர் கையில். யார் எப்போது வந்தார், யார் ரோந்து போனார், எந்த மனு யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் பொது நாட்குறிப்பில் நேரம் போட்டு ஏறும். அந்த மேசையில் கையெழுத்துக்காக நீட்டப்பட்ட ஒவ்வொரு தாளின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சீருடை இல்லாமல் சாதாரணச் சட்டையில் ஓர் ஆள் ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தால், அவர் தனிப்பிரிவுக் காவலராக இருக்கலாம். ஸ்டேஷன் நிலவரத்தை நேராக எஸ்.பி. அலுவலகத்துக்குச் சொல்வது அவர் வேலை. ஆய்வாளருக்கே அவரிடம் ஒரு மரியாதை இருக்கும்.

மனு எழுதும் முறை பற்றி: ஒரு பக்கம் போதும். தேதி, நேரம், இடம், நடந்தது, இழந்தது, பார்த்தவர்கள், உங்கள் கோரிக்கை. பைக் என்றால் பதிவு எண், என்ஜின் எண், சேசிஸ் எண். போன் என்றால் ஐ.எம்.இ.ஐ. எண். "பல வருடங்களாக என்னைக் கொடுமைப்படுத்தி வரும்" என்று ஆரம்பிக்கும் மனுக்கள் நான்காம் பக்கம் வரை போகும், யாரும் இரண்டாம் பக்கத்தைத் தாண்டுவதில்லை.

ஐந்தாம் படி: ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

மனு கொடுத்தால் கிடைக்கும் தாள் இரண்டு வகை. ஒன்று சி.எஸ்.ஆர்., அதாவது மனு ஏற்பு ரசீது. உங்கள் மனுவைப் பெற்றுக்கொண்டோம், விசாரிக்கிறோம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அது வழக்கு இல்லை. இன்னொன்று எஃப்.ஐ.ஆர்., முதல் தகவல் அறிக்கை. அதில் குற்ற எண், வருடம், சட்டப் பிரிவு எல்லாம் இருக்கும், நகல் நீதிமன்றத்துக்கும் போகும். நம் ஆட்களில் பலர் சி.எஸ்.ஆரை வாங்கிக்கொண்டு "கேஸ் போட்டாச்சு" என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி எஃப்.ஐ.ஆர். கேட்கும்போதுதான் விழிப்பு வரும். எதிர்வீட்டுத் தம்பிக்கு நடந்ததும் இதுவே. இரண்டு ஸ்டேஷன் அலைந்து கிடைத்தது சி.எஸ்.ஆர்., எஃப்.ஐ.ஆருக்கு இன்னும் பதினொரு நாள் ஆனது.

போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் என்று உங்கள் தகவலிலேயே தெரிந்தால், எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. புதிய சட்டத்தில் ஓர் இடைவெளி விட்டிருக்கிறார்கள்: மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றம் என்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்து பார்க்கலாம். எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம். ஆன்லைனிலும் புகார் அனுப்பலாம், ஆனால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குச் சொல்ல வேண்டியதும் அவர்கள் கடமை.

கடன் கொடுத்த பணம் வரவில்லை, பாகப்பிரிவினைத் தகராறு போன்றவற்றுக்கு "சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்பார்கள். பல நேரம் அது சரியான பதில்தான். போலி ஆவணம், மிரட்டி எழுதி வாங்கியது என்றால் மட்டும் அது குற்ற வழக்கு. மார்க் ஷீட் போன்றவை வெறுமனே தொலைந்திருந்தால் ஸ்டேஷனுக்கே போக வேண்டாம், காவல்துறை இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை எடுத்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: வாங்க மறுத்தால் ஏணியில் ஒரு படி மேலே

1859-இல் கட்டிய ஏணி நமக்கும் உதவும். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால், மனுவை எழுத்தில் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள், மாநகரம் என்றால் துணை ஆணையருக்கு அனுப்பிக் கமிஷனருக்கு ஒரு நகல். தபால் ரசீதை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம், 173-ஆவது பிரிவிலேயே இந்த வழி இருக்கிறது. எடுத்த எடுப்பில் முதல்வர் தனிப்பிரிவுக்கு எழுதுகிறவர்கள் உண்டு. அது சுற்றிச் சுற்றி, மூன்று வாரம் கழித்து, அதே ஸ்டேஷனில் அதே எஸ்.எஸ்.ஐ. மேசைக்குத்தான் விசாரணைக்கு வரும்.

நீங்கள் புகார் கொடுக்கப் போகாமல், உங்களைக் கூப்பிட்டால்? சாட்சியாக விசாரிக்க என்றால் பெண்களையும், 15 வயதுக்குக் கீழும் 60 வயதுக்கு மேலும் உள்ளவர்களையும், மாற்றுத் திறனாளிகளையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக்கூடாது, அவர்கள் இருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், வீட்டாருக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். சூரியன் மறைந்த பிறகு பெண்களைச் சாதாரணமாகக் கைது செய்யக்கூடாது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்த பிறகு, கிட்டி பழங்கதை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த வருடம் டிசம்பரில் எல்லா ஸ்டேஷன்களிலும் கண்காணிப்புக் கேமரா வைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. போகும்போது மேலே பாருங்கள், கேமரா எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஏழாம் படி: சில விஷயங்களுக்கு வேறு கதவு

எல்லாமே உள்ளூர் ஸ்டேஷன் வேலை இல்லை. குடும்பப் பிரச்சினை, பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்டது என்றால் அனைத்து மகளிர் காவல் நிலையம். தமிழ்நாட்டில் 1973-இல் ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், இருபது காவலர்கள் என்று பெண்கள் முதன்முதலாகக் காக்கி போட்டார்கள். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் ஸ்டேஷன் வந்தது. 2006-இல் லத்திகா சரண் சென்னைக் கமிஷனர், 2010-இல் டி.ஜி.பி. ஆனார்.

பணம் ஆன்லைனில் போய்விட்டதா, உட்கார்ந்து மனு எழுத வேண்டாம், உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம். சீட்டு, நிதி நிறுவன மோசடிக்குப் பொருளாதாரக் குற்றப்பிரிவு. ரேஷன் அரிசிக் கடத்தலுக்குக் குடிமைப்பொருள் குற்றப்புலனாய்வு. கோயில் சிலை என்றால் 1983-இல் தொடங்கிய சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு. ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்திலிருந்து 2014-இல் இந்தியா திரும்பியதில் அவர்களுக்குப் பங்குண்டு. ரயிலில் திருட்டு என்றால் இறங்கும் ஊர் ஸ்டேஷன் இல்லை, ரயில்வே போலீஸ். லாரி லாரியாக வந்து இறங்கும் ஆட்கள் பெரும்பாலும் சிறப்புக் காவல் படை. அதன் வேர் 1921-இல் மலபாரில் தொடங்கிய சிறப்புப் போலீஸ். அவர்களிடம் புகார் சொல்லிப் பயனில்லை, பந்தோபஸ்து முடிந்ததும் முகாமுக்குத் திரும்பிவிடுவார்கள். அவசரத்துக்கு 100 அல்லது 112.

அந்தப் பைக் கிடைத்ததா என்று கேட்பீர்கள். ஏழு மாதம் கழித்துக் கிடைத்தது, வேறு ஒரு மாவட்டத்தில். ஸ்டேஷனில் சாவியைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று தம்பி நினைத்துப் போனான். அப்படி இல்லை. பிடித்த வண்டி நீதிமன்றத்தின் பொறுப்பில் போய்விடும். மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டு, ஆர்.சி. புத்தகத்தைக் காட்டி, விற்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும். அதற்கு இன்னும் ஐந்து வாரம். ஸ்டேஷன் பின்புறம் வேப்பமரத்தடியில், முன்சக்கரம் மண்ணில் புதைந்து நின்றது வண்டி. பெட்ரோல் டாங்கின் மேல் வெள்ளைப் பெயின்டில் குற்ற எண்ணும் வருடமும் எழுதியிருந்தார்கள். தம்பி அதைத் தின்னர் போட்டுத் துடைத்துப் பார்த்தான். இன்னும் லேசாகத் தெரிகிறது.